பழைய எஸ்டீம் டிராக் கார்: ஒரிஜினல் ஈசியு போதுமா, பிக்கிபேக்கா, ஸ்டாண்ட்அலோனா?

#1 எஸ்டீம்_2001 (தாம்பரம்)

வணக்கம் நண்பர்களே. என்னிடம் இருப்பது 2001 மாருதி எஸ்டீம், 1,298 சிசி, 16 வால்வ் எம்பிஎஃப்ஐ. ஏசி, பின் சீட், மேட் எல்லாம் கழற்றியாச்சு. ரோட்டில் ஓட்டுவதில்லை. இருங்காட்டுக்கோட்டை டிராக் டேக்களுக்கு மட்டும்தான், அதுவும் ட்ரெய்லரில் ஏற்றிக்கொண்டு போகிறேன்.

இதுவரை செய்தது: 4-2-1 ஹெடர், ஃப்ரீ ஃப்ளோ எக்ஸாஸ்ட், கோன் ஃபில்டர், நல்ல டயர், பிரேக் பேட். இன்ஜினுக்குள் கை வைக்கவில்லை. அடுத்த வருஷம் கேம்ஷாஃப்ட் ரீகிரைண்ட் பண்ணி (வால்வ் அதிகம் திறக்க), ஹெட்டை ஸ்கிம் பண்ணி (அடிப்பக்கத்தைக் கொஞ்சம் சீவி) கம்ப்ரஷன் கொஞ்சம் ஏற்றலாம் என்று யோசனை.

எலக்ட்ரானிக்ஸுக்கு, அதாவது பெட்ரோலையும் ஸ்பார்க்கையும் கட்டுப்படுத்தும் ஈசியு பெட்டி வேலைக்கு என்று 80,000 ரூபாய் ஒதுக்கியிருக்கிறேன். ஒரு மெக்கானிக் "பிக்கிபேக் போடுங்க, ஒரே நாளில் முடிஞ்சிடும்" என்கிறார், அதாவது ஒரிஜினல் ஈசியு-வோடு சேர்த்து மாட்டும் கூடுதல் பெட்டி. கல்லூரி நண்பன் ஸ்பீடுயினோ கட்டித் தருகிறேன் என்கிறான், அது ஒரிஜினலுக்குப் பதிலாகவே மாட்டும் ஸ்டாண்ட்அலோன் ஈசியு. இன்னொருவர் சிப்பை மட்டும் மாற்றினால் போதும் என்கிறார். 5,000 ஆர்பிஎம்முக்கு மேல் வண்டி சோர்ந்துபோகிறது, அதுதான் இப்போதைய குறை. எந்தப் பக்கம் போகலாம்?

#2 செட்டிப்பாளையம்_காரன் (கோவை)

தம்பி, சிப் கதையை முதலிலேயே மூடிவிடலாம். இன்றைய டீசல் வண்டிக்கு ஓபிடி சாக்கெட்டில் (இன்ஜின் பரிசோதனை சாக்கெட்) லேப்டாப்பைச் சொருகி ரீமேப் பண்ணுவதைப் பார்த்துவிட்டு இதற்கும் அப்படி ஒன்று இருக்கும் என்று நினைக்கிறார்கள். நம் ஊரில் ஓபிடி கட்டாயமானதே 2010-ல் பிஎஸ்-4 உடன்தான். உங்கள் 2001 பெட்டியைத் திறந்து, மெமரியைப் படித்து, எந்த எண் எந்த மேப் (பெட்ரோல், டைமிங் அளவுகளின் டேபிள்) என்று கண்டுபிடிக்க வேண்டும். ஹோண்டா பழைய பெட்டிகளுக்கு உலகம் முழுக்க ஆட்கள் உட்கார்ந்து அந்த வேலையைச் செய்துவைத்தார்கள், அதனால் அங்கே அது ஓடுகிறது. எஸ்டீமுக்கு அப்படி யாரும் செய்து நான் பார்த்ததில்லை.

கரி மோட்டார் ஸ்பீட்வேயில் நான் ஓட்டியதெல்லாம் ஒரிஜினல் ஈசியு-வோடுதான். 2.1 கிலோமீட்டர், பெரும்பாலும் இரண்டாவது மூன்றாவது கியர். அங்கே 5 குதிரைசக்தி கூடுவதைவிட பிரேக்கை எங்கே விடுகிறோம் என்பதுதான் நேரத்தைக் குறைக்கும். இருங்காட்டுக்கோட்டை 3.717 கிலோமீட்டர், நீளமான ஸ்ட்ரெயிட் உண்டு, அங்கே பவர் குறைந்தால் தெரியும். ஆனாலும் ஹெடர், ஃபில்டர் அளவில் நிற்கும் 1.3 இன்ஜினுக்கு எந்த ஈசியு போட்டாலும் கூடுவது ஒற்றை இலக்கம்தான். இதை மனதில் வைத்துக்கொண்டு மற்றவர்கள் சொல்வதைக் கேளுங்கள்.

#3 லாம்டா_ஒன்று (சென்னை)

எதையும் வாங்குவதற்கு முன்னால் வைட்பேண்ட் (எக்ஸாஸ்டில் மாட்டி காற்று–பெட்ரோல் கலவையை அளக்கும் சென்சாரும் கேஜும்) வாங்குங்கள். இந்த இழையில் வேறு எதைப் படிக்காவிட்டாலும் இதை மட்டும் செய்யுங்கள். ஏஇஎம், இன்னோவேட் எதுவாக இருந்தாலும் சரி, உள்ளே இருப்பது பாஷ் எல்எஸ்யு 4.9 சென்சார்தான். நாளை ஸ்டாண்ட்அலோன் போட்டாலும் அதே வைட்பேண்ட் தேவைப்படும், அதனால் ஒரு ரூபாயும் வீணாகாது.

5,000-க்கு மேல் சோர்வு என்கிறீர்கள். அது லீனா (பெட்ரோல் குறைவு), ரிச்சா (பெட்ரோல் அதிகம்), ஸ்பார்க்கா, பெட்ரோல் வரத்தா, காற்று வரத்தா? இப்போது உங்களுக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. தெரியாமல் ஈசியு மாற்றினால் அதே குறை புதுப் பெட்டியோடும் வரும்.

இன்னொரு முக்கியமான விஷயம், பங்கில் இப்போது வருவது ஈ20. சுத்தமான பெட்ரோலுக்கு காற்று–எரிபொருள் விகிதம் 14.7. எத்தனால் 20 சதவீதம் கலந்தால் அது சுமார் 13.5-க்கு இறங்கும். அதாவது அதே காற்றுக்கு ஏறத்தாழ 8 சதவீதம் கூடுதல் எரிபொருள் தேவை. மெதுவாக ஓட்டும்போது ஆக்சிஜன் சென்சாரைப் பார்த்து ஈசியு தானாகச் சரிசெய்துகொள்ளும். ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்ததும் அது சென்சாரைப் பார்ப்பதை நிறுத்திவிட்டு, 2001-ல் எழுதிய டேபிளை அப்படியே பின்பற்றும். அந்த டேபிளுக்கு எத்தனால் தெரியாது. லாம்டா என்பது கலவையின் அளவு: 1 சரியான விகிதம், அதற்கு மேல் லீன், கீழே ரிச். அன்று லாம்டா 0.87-ல் ஓடிய இடம் இன்று 0.94 பக்கம் போயிருக்கும். உங்கள் ஹெடரும் ஃபில்டரும் கூடுதல் காற்றை உள்ளே விட்டால், மேப் சென்சாருக்கு (இன்டேக் மேனிஃபோல்டின் அழுத்தத்தை அளப்பது) தெரியாத அளவில் இன்னும் கொஞ்சம் லீன்.

கேஜ் வாங்கும்போது லாம்டாவில் காட்டும்படி செட் பண்ணுங்கள். 14.7 என்று படித்தால் ஈ20-ல் குழப்பம்தான் மிஞ்சும். லாம்டா 1 எந்தப் பெட்ரோலிலும் 1-தான். டர்போ இல்லாத இந்த மாதிரி இன்ஜினுக்கு முழுத் த்ராட்டிலில் 0.86 முதல் 0.89 வரை இருந்தால் நல்லது.

#4 கேவிஎம்_மோட்டார்ஸ்போர்ட்_ரசிகன் (திருச்சி)

பிக்கிபேக்கைப் பற்றிப் பேசாமலேயே தள்ளிவிடாதீர்கள். என் பலேனோ 1.6-ல் போட்டு ஓட்டியவன் நான். காலையில் ஸ்டார்ட் ஆவது, ஐடிலிங், ஃபேன் ஓடுவது எல்லாம் கம்பெனி செட்டிங்கிலேயே இருக்கும். மேலே மட்டும் பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கலாம். ஸ்டாண்ட்அலோன் போட்டவர்கள் பாதிப் பேர் வண்டியை ஐடிலில் நிறுத்தவே மாதக்கணக்கில் அல்லாடுவதைப் பார்த்திருக்கிறேன். சுஸுகி இன்ஜினியர்கள் குளிர் நாட்டிலும் சூட்டிலும் வருஷக்கணக்கில் ஓட்டிப் பார்த்து எழுதிய மேப்பை ஏன் தூக்கிப் போட வேண்டும்?

#5 வயர்மேன் (கோவை)

அண்ணே, உங்கள் கருத்தை மதிக்கிறேன். ஐடில், கோல்ட் ஸ்டார்ட் பற்றிச் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. ஆனால் எஸ்டீம், பலேனோ மாதிரி மேப் சென்சார் வண்டியில் சாதாரண பிக்கிபேக் எப்படி வேலை செய்கிறது என்று தம்பிக்குத் தெரிய வேண்டும்.

அது மேப் சென்சாருக்கும் ஈசியு-க்கும் நடுவில் உட்கார்ந்து வோல்டேஜை மாற்றுகிறது. பெட்ரோலைக் குறைக்க வேண்டுமென்றால் வோல்டேஜைக் குறைத்துக் காட்டும். ஈசியு "லோடு குறைவு" என்று நினைத்து பெட்ரோலைக் குறைக்கும். அதோடு நிற்காது. லோடு குறைவாக இருந்தால் இக்னிஷன் டைமிங்கை முன்னே தள்ளுவதுதான் (ஸ்பார்க்கைச் சீக்கிரமாக அடிப்பதுதான்) எந்த ஈசியு-வின் வழக்கமும். ஆக முழுத் த்ராட்டிலில் லீனும் ஆகிறது, டைமிங்கும் ஏறுகிறது. பிஸ்டனை உடைக்க இந்த இரண்டும் சேர்ந்தால் போதும். பெட்ரோலைக் கூட்டினால் நேர்மாறு: டைமிங் பின்வாங்கி, கூட்டிய பெட்ரோலின் பலனே தெரியாமல் போகும்.

மெதுவாக ஓட்டும் இடத்தில் இன்னொரு சிக்கல். நீங்கள் 5 சதவீதம் மாற்றினால் ஆக்சிஜன் சென்சாரைப் பார்த்து ஈசியு அதைத் திருப்பி எடுத்துவிடும்.

இன்ஜெக்டர் பல்ஸையும் இக்னிஷன் சிக்னலையும் தனித்தனியாகத் தொடும் பிக்கிபேக்குகள் உண்டு. க்ரெட்டி ஈ-மேனேஜ் அல்டிமேட் அந்த வகை, யூனிசிப்பும் டைமிங்கைத் தொடும். அவற்றில் நான் மேலே சொன்ன குறை இல்லை. ஆனால் அதற்கு வெட்டி ஒட்ட வேண்டிய வயர்களை எண்ணிப் பாருங்கள். இருபது வயதைத் தாண்டிய ஹார்னஸில் (வயர் கட்டில்), இன்சுலேஷன் பிஸ்கட் மாதிரி நொறுங்கும் இடத்தில், அத்தனை ஜாயிண்ட் போடும் உழைப்புக்கு ஒரு புது ஹார்னஸே கட்டிவிடலாம்.

#6 கேவிஎம்_மோட்டார்ஸ்போர்ட்_ரசிகன் (திருச்சி)

என்னுடையது ஈ-மேனேஜ் அல்டிமேட்தான், அதனால்தான் எனக்கு டைமிங் தொல்லை வரவில்லை. செகண்ட் ஹேண்டில் கிடைத்தது. இன்று தேடினாலும் செகண்ட் ஹேண்ட்தான் கிடைக்கும், அதையும் சொல்லிவிடுகிறேன். மேப் வோல்டேஜை மட்டும் மாற்றும் மலிவுப் பெட்டிகளை நானும் சிபாரிசு பண்ண மாட்டேன்.

#7 கிள்ளான்_சத்ரியா (மலேசியா)

சிலாங்கூரில் இருந்து எழுதுறேன். என்னோடது புரோட்டோன் சத்ரியா 1.6. செப்பாங் டிராக் டேக்குப் போற பழைய புரோட்டோன்காரங்க நிறைய பேர் ஹால்டெக், லிங்க் மாதிரி பிராண்டட் பெட்டிதான் போடுறாங்க. காரணம் சிம்பிள். எந்த வொர்க்‌ஷாப்புக்குப் போனாலும் டியூன் பண்ணத் தெரிஞ்ச ஆள் இருக்கான். உங்க ஊர்ல எந்தப் பெட்டிக்கு ஆள் இருக்கான்னு முதல்ல விசாரிங்க பிரதர். ஆள் இல்லாத ஊர்ல எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் அது பேஸ் மேப்ல (டியூன் பண்ணாத ஆரம்ப செட்டிங்ல) ஓடிக்கிட்டுதான் இருக்கும்.

#8 எஸ்டீம்_2001 (தாம்பரம்)

எல்லோருக்கும் நன்றி. லிங்க், ஹால்டெக் விலை விசாரித்தேன். கஸ்டம்ஸ் கட்டி வந்து சேரும்போது நான் வண்டி வாங்கிய விலையைத் தாண்டுகிறது. அது வேண்டாம். வைட்பேண்ட் ஆர்டர் போட்டாச்சு. ஸ்பீடுயினோ, மெகாஸ்குவர்ட் இரண்டையும் பற்றி விவரமாகச் சொல்ல முடியுமா வயர்மேன் அண்ணா?

#9 வயர்மேன் (கோவை)

சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

மெகாஸ்குவர்ட் 2000-களின் தொடக்கத்திலிருந்து இருக்கிறது. பழைய மியாட்டா, ஃபோர்டு என்று வெளிநாட்டில் ஆயிரக்கணக்கான டிராக் வண்டிகளில் ஓடியது. சந்தேகம் வந்தால் எவனோ ஒருவன் ஏற்கெனவே அதே கேள்வியைக் கேட்டிருப்பான். அதில் மைக்ரோஸ்குவர்ட் சின்னது, சீல் செய்தது, நாலு சிலிண்டருக்குப் போதும். ஸ்பீடுயினோ ஆர்டினோ மெகா 2560-ஐ வைத்துக் கட்டும் ஓப்பன் சோர்ஸ் ஈசியு. நாலு இன்ஜெக்டர், நாலு இக்னிஷன் அவுட்புட். விலை குறைவு, ரிப்பேர் நம் கையில். ருஸ்ஈஎஃப்ஐ என்று மூன்றாவதாக ஒன்றும் இருக்கிறது, ப்ராசஸர் வேகம் அதிகம். மூன்றுக்குமே லேப்டாப்பில் ட்யூனர்ஸ்டுடியோ என்ற சாஃப்ட்வேர்தான். அதனால் ஒன்றில் கற்றது இன்னொன்றில் வீண் போகாது.

உங்கள் பட்ஜெட்டுக்கு ஸ்பீடுயினோ சரி. ஆனால் போர்டு விலையைப் பார்த்து ஏமாறக் கூடாது. பணம் போகும் இடம் வேறு: நல்ல ஆட்டோமோட்டிவ் வயர், சீல்டு கனெக்டர், க்ரிம்பிங் டூல், ரிலே, ஃபியூஸ் பாக்ஸ், ட்ரிகர் வீல் (கிராங்க் எங்கே இருக்கிறது என்று காட்டும் பல் சக்கரம்), இன்டேக் ஏர் டெம்பரேச்சர் சென்சார், டைனோ (இன்ஜின் பவரை அளக்கும் மேடை) வாடகை. போர்டு மொத்தச் செலவில் சின்னப் பங்குதான்.

ட்ரிகர்தான் உயிர்நாடி. கிராங்க் எங்கே இருக்கிறது என்று தப்பில்லாமல் தெரியாத ஈசியு-வை நம்பி 6,500 வரை ஏற்ற முடியாது. உங்கள் வண்டியில் டிஸ்ட்ரிபியூட்டரா, காயில் பேக்கா, என்ன சென்சார் என்று பானெட்டைத் திறந்து போட்டோ போடுங்கள். எதுவாக இருந்தாலும் நான் விரும்புவது கிராங்க் புல்லியில் 36-1 வீல் தான். 10 டிகிரிக்கு ஒரு பல், ஒரு பல் மட்டும் இருக்காது. லேத்தில் சொல்லி அடிக்கலாம், அல்லது லேசர் கட்டிங். புல்லியில் ஏற்றிய பிறகு டயல் கேஜ் வைத்து ஆட்டம் பாருங்கள். விஆர் சென்சார் (காந்த வகை) என்றால் கேப் சுமார் 1 மில்லிமீட்டர், அது சுற்று முழுக்க மாறாமல் இருக்க வேண்டும். பிராக்கெட்டைத் தகட்டில் செய்யாதீர்கள், அதிர்ந்தால் சிக்னல் போய்விடும். கனமான ஆங்கிளில் பிளாக்கோடு போல்ட் போடுங்கள்.

கிராங்க் சென்சார் மட்டும் இருந்தாலே வேஸ்டட் ஸ்பார்க் (இரண்டு சிலிண்டருக்கு ஒரே நேரத்தில் ஸ்பார்க் தருவது) ஓடும். கேம் சென்சாரும் ஃபுல் சீக்வென்ஷியல் இன்ஜெக்‌ஷனும் வேண்டும் என்று இழுத்துக்கொள்ளாதீர்கள். டிராக்கில் நீங்கள் இருக்கும் ஆர்பிஎம்மில் அதனால் பெரிய வித்தியாசம் இல்லை.

சென்சார் எர்த் எல்லாம் ஈசியு-வின் சென்சார் எர்த் பின்னுக்கே வர வேண்டும், பாடிக்குப் போகக் கூடாது. பவர் எர்த் எல்லாம் இன்ஜின் பிளாக்கில் ஒரே இடத்தில். விஆர் சென்சாருக்கு ஷீல்டு வயர், ஷீல்டை ஈசியு பக்கம் மட்டும் எர்த் பண்ணுங்கள். பிளக் ரெசிஸ்டர் டைப்பாக இருக்கட்டும். நாய்ஸ் தொல்லை என்று புலம்பி வருகிற பத்துப் பதிவில் பெரும்பாலானவற்றுக்கு மருந்து இந்த நாலு வரிதான்.

இன்ஜெக்டர் ரெசிஸ்டன்ஸை மல்டிமீட்டரில் அளந்து பாருங்கள். 12 ஓமுக்கு மேல் இருந்தால் நேரே ஓட்டலாம். 2, 3 ஓம் காட்டினால் ரெசிஸ்டர் வேண்டும். காயிலுக்கு ட்வெல் (சார்ஜ் ஆகும் நேரம்) தெரியாமல் குத்துமதிப்பாகப் போடாதீர்கள். கூடினால் காயில் எரியும், குறைந்தால் மேலே மிஸ்ஃபயர்.

#10 லாம்டா_ஒன்று (சென்னை)

வயர்மேன் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். முதல் ஸ்டார்ட்டுக்கு முன் ட்யூனர்ஸ்டுடியோவில் டைமிங்கை ஃபிக்ஸட் 10 டிகிரி என்று பூட்டிவிட்டு, இன்ஜெக்டர் கனெக்டரைக் கழற்றி, க்ராங்க் பண்ணி டைமிங் லைட் அடித்துப் பாருங்கள். ஸ்க்ரீனில் 10, புல்லியிலும் 10. ஒரு டிகிரி தள்ளி இருந்தாலும் ட்ரிகர் ஆங்கிளை மாற்றிச் சரிசெய்யுங்கள். ஸ்டார்ட் ஆன பிறகு 3,000-லும் பாருங்கள். ஆர்பிஎம் ஏற ஏற மார்க் நகர்ந்தால் சிக்னல் தாமதத்தையோ போலாரிட்டியையோ சந்தேகப்படுங்கள்.

பழைய புல்லியில் நடுவில் ரப்பர் இருந்தால், வெளி வளையம் வழுக்கி மார்க்கே தப்பான இடத்தில் இருக்கலாம். முதல் சிலிண்டர் பிளக்கைக் கழற்றி, பிஸ்டன் உண்மையிலேயே டிடிசி-யில் (உச்சப் புள்ளியில்) நிற்கும்போது மார்க் பூஜ்யத்தில் இருக்கிறதா என்று உறுதிப்படுத்துங்கள். 36-1 வீலை அந்த வெளி வளையத்தில் போல்ட் போடவே கூடாது.

பெட்ரோல் டேபிளை வைட்பேண்ட் பார்த்து டிராக்கிலேயே சரிசெய்துவிடலாம். டைமிங் டேபிளை அப்படி முடியாது. லோடு கொடுத்து ஒரே ஆர்பிஎம்மில் நிறுத்திப் பிடிக்கும் டைனோவில், ஒவ்வொரு டிகிரியாக ஏற்றி, டார்க் (முறுக்குவிசை) கூடுவது நிற்கும் இடத்தைக் கண்டுபிடித்து அதற்குக் கீழே நிறுத்த வேண்டும். அதுவரை டைமிங்கைக் குறைவாகவே வைத்து ஓட்டுங்கள். இந்த இன்ஜினின் 74 மில்லிமீட்டர் போருக்கு நாக்கிங் (பெட்ரோல் கட்டுப்பாடில்லாமல் வெடிப்பது) ஒலி ஏறத்தாழ 7.7 கிலோஹெர்ட்ஸில் வரும். ஹெட்ஃபோனில் கேட்டு டியூன் பண்ணுகிறவர்கள் ஃபில்டரை அந்த இடத்தில் வைக்கலாம்.

#11 எஸ்டீம்_2001 (தாம்பரம்)

வைட்பேண்ட் மாட்டிவிட்டேன். ஹெடர் கலெக்டருக்குக் கீழே, படுக்கையாக இல்லாமல் மேல் நோக்கிச் சாய்த்து வெல்ட் பண்ணினோம். மேப் சென்சார் வோல்டேஜையும் ஆர்பிஎம்மையும் சேர்த்து லாகிங் எடுத்தேன். இருங்காட்டுக்கோட்டையில் டேங்க் கால்வாசி இருக்கும்போது எடுத்தது, ஒரு இடத்தை அப்படியே தருகிறேன் (மேப் என்பது மேப் சென்சார் காட்டும் அழுத்தம், கிலோபாஸ்கலில்):

ஸ்ட்ரெயிட், மூன்றாவது கியர், 5,100 ஆர்பிஎம், மேப் 97, லாம்டா 0.93
ஸ்ட்ரெயிட், 5,600 ஆர்பிஎம், மேப் 97, லாம்டா 0.97
நீளமான வலது வளைவு, 5,300 ஆர்பிஎம், மேப் 96, லாம்டா 1.16
வளைவு முடிந்து, 5,500 ஆர்பிஎம், மேப் 97, லாம்டா 0.96

வளைவில் வண்டி ஒரு நொடி மூச்சு வாங்குவதும் இதே இடத்தில்தான்.

#12 செட்டிப்பாளையம்_காரன் (கோவை)

இதோ கண் முன்னால் இருக்கிறதே! 1.16 ஈசியு-வின் மேப் பிரச்சினையே இல்லை. பெட்ரோல் டேங்கில் ஒரு பக்கமாக ஒதுங்கி, பம்ப் காற்றை இழுக்கிறது. டேங்கைப் பாதிக்கு மேல் வைத்து அதே வளைவில் லாக் எடுங்கள். போய்விட்டால் உறுதி. பிறகு டேங்குக்குள் தடுப்புப் பெட்டியோ, சின்ன ஸ்வர்ல் பாட்டோ (பம்புக்கு எப்போதும் பெட்ரோல் நிற்கும் சின்ன டப்பா) பார்க்கலாம். முழுத் த்ராட்டிலில் ஒரு நொடி 1.16 என்பது விளையாட்டில்லை தம்பி, அதைச் சரிசெய்யாமல் அடுத்த டிராக் டே போகாதீர்கள்.

ஸ்ட்ரெயிட்டில் ஆர்பிஎம் ஏற ஏற 0.93, 0.97 என்று லீன் ஆவதும் சந்தேகத்துக்குரியது. ஈ20 மட்டும் என்றால் எல்லா ஆர்பிஎம்மிலும் ஏறத்தாழ ஒரே அளவு தள்ளியிருக்க வேண்டும். மேலே போகப் போக மோசமாவது பம்ப் பிரஷர் விழும்போது வருவது. ஃபில்டரை மாற்றுங்கள். ரெயிலில் பிரஷர் கேஜ் மாட்டி, ஓடும்போது பிரஷர் விழுகிறதா பாருங்கள். பம்புக்கு வரும் வோல்டேஜையும் அளந்து பாருங்கள். பழைய வயரில் ஒன்றரை வோல்ட் காணாமல் போவது சகஜம். பேட்டரியிலிருந்து ரிலே வழியாக நேர் லைன் கொடுத்தாலே பம்ப் உயிர் பெறும். அப்படியே ரப்பர் ஃபியூயல் ஹோஸ் எல்லாவற்றையும் எத்தனால் தாங்கும் ரகத்துக்கு மாற்றுங்கள். 2001 ரப்பர் ஈ20-க்குச் செய்ததில்லை, இன்ஜின் பேயில் பெட்ரோல் கசிவது பயங்கரம்.

#13 எஸ்டீம்_2001 (தாம்பரம்)

பாதி டேங்கோடு ஓட்டினேன், வளைவில் 1.16 வரவில்லை. ஃபில்டர் அடைத்திருந்தது. பம்புக்கு 11.9 வோல்ட்தான் வந்தது, ஆல்டர்னேட்டரில் 13.8. ரிலே போட்டு நேர் லைன் கொடுத்ததும் ஸ்ட்ரெயிட்டில் மேலே வரை 0.91–0.92. 5,000-க்கு மேல் இருந்த சோர்வு பெரும்பாலும் போய்விட்டது, ஒரிஜினல் ஈசியு-வோடு.

இப்போது என் கேள்வி: கேம் ரீகிரைண்ட் பண்ணும் வரை இப்படியே விட்டுவிடலாமா?

#14 வயர்மேன் (கோவை)

விடலாம். இதுதான் சரியான வரிசையும். 0.92 கொஞ்சம் லீன்தான், ஆனால் ஸ்டாக் கம்ப்ரஷன், 95 ஆக்டேன் ஈ20, சத்தம் எதுவும் இல்லை என்றால் பயப்படத் தேவையில்லை. பிளக்கைக் கழற்றி பீங்கானில் மிளகு தூவின மாதிரி புள்ளி (நாக்கிங்கின் அடையாளம்) இருக்கிறதா என்று மட்டும் ஒவ்வொரு தடவையும் பாருங்கள்.

கேம் மாற்றினால் கதை வேறு. ஓவர்லாப் (இரண்டு வால்வும் ஒன்றாகத் திறந்திருக்கும் நேரம்) கூடினால் ஐடிலில் மேனிஃபோல்ட் வாக்யூம் குறையும். ஒரிஜினல் ஈசியு அதை லோடு என்று நினைத்து பெட்ரோலைக் கொட்டும். ஸ்கிம் பண்ணின ஹெட்டுக்குப் பழைய டைமிங்கும் ஒத்துவராது. அன்று ஸ்டாண்ட்அலோன் கட்டாயம். அதுவரை ஹார்னஸை மேசையில் வைத்து நிதானமாகக் கட்டுங்கள், ஆர்டினோவில் ட்ரிகர் சிமுலேட்டர் வைத்து போர்டை ஓட்டிப் பழகுங்கள். வண்டி ஓடிக்கொண்டே இருக்கும், வேலையும் நடக்கும்.

கட்டும்போது ஒன்று. இன்டேக் ஏர் சென்சாரை மேனிஃபோல்டில் மாட்டாதீர்கள். நம் ஊர் மே மாத வெயிலில் பிட்டில் பத்து நிமிஷம் நின்றால் அலுமினியம் சூடாகி, சென்சார் 70 டிகிரி காட்டும். ஈசியு காற்று மெலிந்துவிட்டது என்று பெட்ரோலைக் குறைக்கும். பிட்டை விட்டுக் கிளம்பும்போது லீன் அடிக்கும். ஃபில்டருக்குப் பக்கத்தில், ரப்பர் பைப்பில் மாட்டுங்கள்.

#15 கேவிஎம்_மோட்டார்ஸ்போர்ட்_ரசிகன் (திருச்சி)

கேம் என்று வந்துவிட்டால் நானும் ஸ்டாண்ட்அலோன் பக்கம்தான். பின்னாளில் ரேஸில் இறங்கும் எண்ணம் இருந்தால், காசு போடுவதற்கு முன் எஃப்எம்எஸ்சிஐ (இந்திய மோட்டார் பந்தயக் கூட்டமைப்பு) அந்த வருஷம் வெளியிடும் டெக்னிகல் விதிகளில் உங்கள் வகுப்புக்கு ஈசியு மாற்ற அனுமதி உண்டா என்று படித்துவிடுங்கள். ரேஸுக்கு முந்தைய வண்டிப் பரிசோதனையில் நின்று வாதாட முடியாது.

#16 எஸ்டீம்_2001 (தாம்பரம்)

டிராக் டே மட்டும்தான் அண்ணா, ஆனாலும் படித்துவைக்கிறேன். ஸ்வர்ல் பாட் வேலை ஆரம்பித்தாச்சு. கடைசியாக ஒன்று: வைட்பேண்டை டிராக் நாளில் மட்டும் ஆன் பண்ணி, மற்ற நேரம் ஸ்விட்சில் ஆஃப் பண்ணி வைக்கலாமா? சென்சார் ஆயுள் கூடுமே.

#17 லாம்டா_ஒன்று (சென்னை)

கூடாது, நேர்மாறாகக் குறையும். இன்ஜின் ஓடும்போது ஹீட்டர் ஓடாவிட்டால் கரி படிந்து சென்சார் செத்துவிடும். இக்னிஷன் ஆன் ஆனால் தானாக ஓடும்படி தனி ஃபியூஸோடு லைன் கொடுங்கள், ஸ்விட்ச் வேண்டாம். கொஞ்ச நாள் தேவையில்லை என்றால் சென்சாரைக் கழற்றி, அந்த ஓட்டையில் எம்18 பிளக் போட்டு மூடிவிட்டு ஓட்டுங்கள்.